புகைக்குழாய் மாற்றமும் பொதுவளிக் கடமையும்

ஒருவன் விலைகொடுத்து வாங்கிய பொருளைத் தன் விருப்பிற்கேற்பத் திருத்திக்கொள்ளுதல் உலக வழக்கு. வீடு வாங்கியவன் திண்ணையை இடித்து விறாந்தை கட்டுவான். துவிச்சக்கர வண்டி வாங்கியவன் கைபிடியை வளைத்துப் புதிய இருக்கை பூட்டுவான். இவற்றால் அயலானுக்கு வருங் கேடு யாதுமில்லை. மோட்டார் வண்டியின் புகைக்குழாயோ அத்தகையதன்று. அதன் ஒரு முனை நமக்கே உரிய எஞ்சினிற் பொருந்தியிருக்கின்றது. மறுமுனை எல்லார்க்கும் உரிய வளியிலே திறந்திருக்கின்றது. ஆதலின் அக்குழாயிற் கைவைப்போன் தன் பொருளைத் திருத்துவதோடு ஊரார் மூச்சையும் தொடுகின்றான்.

எஞ்சினின் வலுவைக் கூட்டும்பொருட்டு, தொழிற்சாலை அமைத்த புகைக் குழாயைக் கழற்றிவிட்டு, ‘ஹெடர்’ எனப்படும் தனிக்குழாய்த் தொகுதியைப் பூட்டுதல் மோட்டார் வண்டி ஆர்வலரின் முதல் வேலைகளுள் ஒன்று. அவ்வாறு பூட்டியபின்னும் வண்டி புகைச் சட்டத்திற்கு அமைந்ததாக இருத்தல் கூடுமோ என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா. கூடும் என்பதே விடை. ஆயினும் அதற்கு நிபந்தனைகள் உள. அந்நிபந்தனைகளை மிகத் தெளிவாக வகுத்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அதனுள்ளும் கலிபோர்ணியா மாநிலம். எனவே அம்மாநிலத்தின் நடைமுறையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கும் பிறநாடுகளிலும் வாழும் பழைய மாணவர்க்கு இது நேரே பயன்படும். இங்குள்ள மாணவர்க்கு விஞ்ஞானமும் குடிமைப் பண்பும் ஓரிடத்திற் கூடுமாற்றைக் காட்டும்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை எனக் கேட்பாரும் உளர். இவ்விடயத்தில் ஏமாறுவோர் பெரும்பாலும் இரும்பை அறியாமையால் ஏமாறுவதில்லை. பெட்டியின்மேல் அச்சிட்ட சொற்களின் பொருளை ஆராயாமையாலேயே ஏமாறுகின்றனர். சொல்லாராய்ச்சி நம் தொழில்.

மனிபோல்டும் ஹெடரும்

பெற்றோல் எஞ்சின் உள்ளெடுத்தல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்னும் நான்கு அடிப்புகளால் இயங்குவதை மாணவர் அறிவர். நான்காம் அடிப்பில் உருளையை விட்டு நீங்கும் எரிந்த வாயு முதலிற் புகும் இடம் ‘மனிபோல்ட்’. தொழிற்சாலையார் இதனை நெடுங்காலமாக வார்ப்பிரும்பினால் வார்த்து வந்தனர். வார்ப்பிரும்பு மலிவானது; நெடுநாள் உழைப்பது; ஒலியை அடக்குவது; ஒடுங்கிய இடத்தில் அடங்குவது. குறை யாதெனின், நான்கு உருளைகளின் வாயில்களும் குறுகிய வழியிற் சென்று ஒரே அறையில் விழுதலாம். ஓர் உருளையிலிருந்து பாயும் வாயு, அடுத்த உருளை தன் வாயுவை வெளிவிடும் வேளையில் அதற்கு எதிர்நின்று தடுக்கும். ஒரே படலையால் நான்கு வீட்டார் ஒருங்கே வெளிப்பட முயலும் நெருக்கடியை ஒத்தது அது.

ஹெடரில் ஒவ்வோர் உருளைக்கும் ஒவ்வொரு குழாய் உண்டு. அவை ஏறக்குறைய ஒத்த நீளமுடையன. மெல்லென வளைந்து சென்று, ‘கலெக்டர்’ எனப்படும் கூடுவாயிலே ஒன்றுசேர்வன. மெல்லிய உருக்குக் குழாயாலோ துருவேறா உருக்குக் குழாயாலோ அவை செய்யப்படுகின்றன. நான்கு குழாய்களும் ஒரே இடத்திற் சேர்வது ஒருவகை. முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து பின்னர் ஒன்றாவது மற்றொரு வகை. 1, 3, 4, 2 என்னும் முறையில் எரியும் நாலுருளை எஞ்சினில், முதலாவதும் நான்காவதும் ஓரிணையாகவும், இரண்டாவதும் மூன்றாவதும் மற்றோரிணையாகவும் சேர்க்கப்படும். ஒன்றையடுத்து உடனே எரியும் இரண்டு உருளைகள் ஒரே இணையில் வாராமைக்கே இவ்வமைப்பு.

அலையின் கணக்கு

ஹெடரின் பயன் தடையைக் குறைத்தல் மட்டுமன்று. வெளியேற்று வால்வு திறந்தவுடன் அமுக்க அலையொன்று குழாய் வழியே ஓடுகின்றது. குழாய் திடீரென அகலும் கூடுவாயை அடைந்ததும், அவ்வலையின் ஒரு கூறு உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகின்றது. வெளியேற்று வால்வு மூடுமுன் உள்ளெடுப்பு வால்வு திறக்கத் தொடங்கும் ஒரு சிறுபொழுது உண்டு. திரும்பிய அலை அப்பொழுதில் வந்து சேருமாயின், உருளையில் எஞ்சிய பழம் வாயுவை வெளியே இழுத்து, புதுக் கலவைக்கு இடந்தரும். வலு மிகுதற்குரிய முதன்மைக் காரணம் இதுவே.

இதனை ஒரு கணக்காற் காண்போம். சூடான புகைவாயுவில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 550 மீற்றர் செல்லும் என்க. குழாயின் நீளம் 0.8 மீற்றராயின், அலை போய்வரும் தூரம் 1.6 மீற்றர், அதற்கு வேண்டும் நேரம் சுமார் 2.9 மில்லி செக்கன். நிமிடத்திற்கு 6000 சுற்றுச் சுழலும் எஞ்சின் அந்நேரத்தில் ஏறக்குறைய 105 பாகை திரும்பும். 3000 சுற்றிலோ 52 பாகையே திரும்பும். குழாயின் நீளம் மாறாதது. எஞ்சினின் வேகமோ மாறுவது. ஆகவே திரும்பும் அலை ஒரு வேகத்தில் உரிய வேளைக்கு வரும். மற்றொரு வேகத்தில் வேளை தப்பி வரும். எல்லா வேகத்திலும் வலுவைக் கூட்டும் ஹெடர் ஒன்று இல்லை என்பதை இதனால் துணியலாம். நான்கும் ஒன்றாய்ச் சேரும் வகை பெரும்பாலும் உயர் வேகத்திற்கும், இரண்டிரண்டாய்ச் சேரும் வகை இடைவேகத்திற்கும் ஏற்றவை. நகரத் தெருவிலே 2000 சுற்றில் ஓடும் வண்டிக்கு 6000 சுற்றின் பயனை விலைகொடுத்து வாங்குதல் அறிவுடைமையாகாது.

இக்கணக்கிலிருந்தே புகைக்கும் ஹெடருக்கும் உள்ள தொடர்பு புலனாகும். உறிஞ்சும் அலை அளவு கடந்து இழுப்பின், எரியாத புதுக் கலவையிலும் ஒரு பங்கு வெளியேறிவிடும். அது ஐதரோகாபன் என்னும் மாசு. மேலும், உருளையில் எஞ்சும் பழம் வாயு முற்றும் பயனற்றதன்று. அது எரிதலின் உச்ச வெப்பநிலையைத் தணிக்கின்றது. அதனால் நைதரசன் ஒட்சைட்டுகள் பிறத்தல் குறைகின்றது. பழம் வாயுவை முழுதும் துடைத்து நீக்கினால் அத்தணிவு குறையும். குழாயை மட்டுமே மாற்றினோம் என எண்ணுவோர், எரியும் முறையையே ஓரளவு மாற்றியவராவர்.

வளியைக் காத்த வரலாறு

1943 ஆம் ஆண்டின் கோடையில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் மூடியது. போர்க்காலமாதலின் பகைவர் நச்சுவாயு வீசினரோ என அஞ்சினாரும் இருந்தனர். பழி முதலில் ஆலைகளின்மேல் விழுந்தது. கலிபோர்ணியத் தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்னும் ஒல்லாந்து நாட்டு இரசாயன அறிஞர், தம் கருவிகளை நகர வளியின்பாற் திருப்பினார். வண்டிகளும் எண்ணெய்த் தொழிற்சாலைகளும் விடும் ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டுகளோடு சூரிய ஒளியிற் கூடி ஓசோன் முதலியவற்றை உண்டாக்குகின்றது என்பதை 1950 களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். 1967 ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் வளி வளச் சபை அமைக்கப்பட்டபோது அதன் முதற் தலைவராக விளங்கியவரும் அவரே.

1970 ஆம் ஆண்டின் தூய வளிச் சட்டம் புதிய கார்களின் மாசை மிகப் பெரிதுங் குறைக்குமாறு பணித்தது. அதன் பயனாக 1975 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் ‘கற்றலிற்றிக் கொன்வேட்டர்’ எனும் ஊக்கிக் கலன் பெருவழக்காயிற்று. ஈயம் அவ்வூக்கியை நஞ்சூட்டிக் கெடுக்குமாதலின் ஈயமற்ற பெற்றோலும் உடன் புகுந்தது. ஒட்சிசன் உணரியோடு கூடிய மும்முனை ஊக்கிக் கலன் 1977 மாதிரி வொல்வோ கார்களில் கலிபோர்ணியாவிற்கு வந்தது. புகைக்குழாய் அன்று முதல் வெறும் வடிகாலாக இல்லை. அதுவே ஓர் இரசாயன சாலையாயிற்று.

ஊக்கிக் கலனும் உணரியும்

ஊக்கிக் கலனைத் திறந்து நோக்கின் தேன்கூட்டை ஒத்த மட்பாண்டக் கட்டியொன்று காணப்படும். அதன் நுண்ணறைகளின் சுவரிலே பிளாற்றினம், பல்லேடியம், றோடியம் என்னும் அரிய உலோகங்கள் மிக மெல்லிதாகப் படிந்துள்ளன. காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாகவும், எரியாத ஐதரோகாபனை நீராவியும் காபனீரொட்சைட்டுமாகவும், நைதரசன் ஒட்சைட்டுகளை நைதரசனாகவும் மாற்றுதல் அவற்றின் தொழில். மூன்றையும் ஒருங்கே மாற்றுதலின் அது மும்முனைக் கலன் எனப்பட்டது.

அது செவ்வனே தொழிற்பட இரண்டு பொருத்தங்கள் வேண்டும். முதலாவது கலவை. பெற்றோலின் ஒரு பங்கிற்கு நிறையால் 14.7 பங்கு வளி சேர்வதே நிறைவாக எரிதற்குரிய அளவு. இவ்வளவை ஒட்டிய மிக ஒடுங்கிய எல்லைக்குள்ளேதான் மூன்று மாற்றங்களும் ஒருங்கே நிகழும். கலவையில் எரிபொருள் மிகின் காபனோரொட்சைட்டு எஞ்சும். வளி மிகின் நைதரசன் ஒட்சைட்டுகள் எஞ்சும். கலனுக்கு முன்னே நிற்கும் ஒட்சிசன் உணரி வாயுவைச் சோதித்து எஞ்சினின் கணினிக்கு ஓயாது அறிவிக்க, கணினி எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் அவ்வெல்லையைக் காக்கின்றது. கலனுக்குப் பின்னே நிற்கும் இரண்டாவது உணரி, கலன் தன் தொழிலைச் செய்கின்றதோ எனப் பார்க்கும் காவலாளி.

இரண்டாவது வெப்பம். ஏறக்குறைய 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே ஊக்கி விழித்தெழும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதற்சில நிமிடங்களில் வெளிவரும் மாசு, சிறிய பயணமொன்றின் மாசிற் பெரும்பங்காகும். அக்காலத்தைச் சுருக்கவே தற்காலத் தொழிற்சாலையார் ஊக்கிக் கலனை எஞ்சினுக்கு மிக அணித்தாக வைக்கின்றனர். பல புதிய கார்களில் மனிபோல்டும் ஊக்கிக் கலனும் ஒரே உறுப்பாகவே அமைந்துள்ளன.

இதிலிருந்து நடைமுறைக்குரிய பெரிய வேற்றுமையொன்று தோன்றும். மனிபோல்ட் தனியாகவும் ஊக்கிக் கலன் அதன்பின் தனியாகவும் உள்ள வண்டியில், மனிபோல்டின் இடத்தில் அதே அளவான குறுங்குழாய் ஹெடரைப் பூட்டினால் கலனும் உணரிகளும் தத்தம் இடத்திலேயே நிற்கும். நெடுங்குழாய் ஹெடரைப் பூட்டவோ கலனைப் பின்னே தள்ளவேண்டும். தள்ளிய கலன் சூடேறப் பிந்தும். மனிபோல்டும் கலனும் ஒன்றான வண்டியில் வெறுங்குழாய் ஹெடரைப் பூட்டுதல், கலனையே அறுத்தெறிதலாகும். மூன்றுக்கும் கடையிற் பெயர் ஒன்றே, ‘ஹெடர்’. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. சட்டம் நோக்குவது பொருளையே.

சட்டத்தின் சொற்கள்

ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் சட்டம் வண்டியின் மாசுத் தடுப்பு உறுப்புகளைக் கழற்றுவதையும் செயலற்றதாக்குவதையும் விலக்குகின்றது. கலிபோர்ணியாவின் வாகனச் சட்டம் 27156 ஆம் பிரிவு மேலும் ஒருபடி சென்று, மாசுத் தடுப்பின் அமைப்பையோ செயலையோ மாற்றும் உறுப்பைப் பூட்டுதலோடு, விற்றலையும், விற்பதாக விளம்பரஞ் செய்தலையும் விலக்குகின்றது. ஆயினும் விலக்கிற்கும் ஒரு விலக்கு உண்டு. ஓர் உறுப்பு மாசுத் தடுப்பைக் குறைக்கவில்லை என வளி வளச் சபை ஆராய்ந்து கண்டால், அதற்கு ‘நிறைவேற்று ஆணை’ ஒன்றை வழங்கும். அவ்வாணைக்கு ஓர் இலக்கம் உண்டு. அவ்விலக்கம் பொறித்த தகட்டையோ ஒட்டுச்சீட்டையோ எஞ்சின் அறையிற் பார்வைக்கு எட்டுமாறு ஒட்டிவைத்தல் வேண்டும்.

இம்முறையிலே நாம் போற்றத்தக்க நீதியொன்று உண்டு. சட்டம் மாற்றத்தை அறவே தடுக்கவில்லை. மாற்றம் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பாரத்தை மாற்றத்தால் ஊதியம் பெறுவோன்மேல் வைக்கின்றது. வளியை மூச்சாகக் கொள்ளும் வழிப்போக்கன் எதனையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

வாங்குவோன் சொற்களை நிறுத்து நோக்கவேண்டிய இடம் இதுதான். ‘பந்தயத் தடத்திற்கு மட்டும்’ என்னுஞ் சொற்றொடர் பெருமை கூறுவதுபோலத் தோன்றும். அதன் உண்மைப் பொருள் ‘பொதுத் தெருவில் ஓட்டுதற்கு உரியதன்று’ என்பதே. ‘49 மாநிலங்களுக்கு ஏற்றது’ எனின் ஐம்பதாவதான கலிபோர்ணியாவிற்கு ஆணை இல்லை என்பது குறிப்பு. ‘ஊக்கிக் கலனோடு பொருந்தும்’ எனின் குழாய் முனை பொருந்தும் என்றே பொருள். சட்டம் பொருந்தும் என்பது பொருளன்று. இன்னும், ஆணை இலக்கம் ஒன்று இருத்தல் மட்டும் போதாது. ஆணை, குறித்த ஆண்டு, குறித்த வண்டி, குறித்த எஞ்சின் ஆகியவற்றிற்கே வழங்கப்படும். ஓராண்டு முந்திய மாதிரிக்குரிய ஆணை நம் வண்டிக்கு உதவாது. சபை தன் ஆணைகளை யாவரும் பார்க்கத்தக்கதாக வெளியிட்டுள்ளது; பணம் கொடுக்குமுன் அப்பட்டியலில் நம் வண்டியின் ஆண்டும் எஞ்சினும் உளவோ எனத் தாமே பார்த்தறிவது நன்று. கடைக்காரரின் வாய்மொழி சான்றாகாது.

ஊக்கிக் கலனுக்குப் பின்னே உள்ள குழாயையும் சைலன்சரையும் மாற்றுதற்கு ஆணை வேண்டியதில்லை. வாயு தூய்மையாகிய பின்னரே அவ்விடத்தை அடைகின்றதாதலின் என்க. ஆயினும் ஒலி பற்றிய சட்டம் அங்கே காத்திருக்கின்றது.

பூட்டும் முறை

ஏற்ற ஹெடரைத் தெரிந்தபின் பூட்டுதலிலும் கவனம் வேண்டும். நல்ல பொருள் கெட்ட கையாற் தீயதாகும்.

எஞ்சின் நன்கு ஆறியபின் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றித் தொடங்குக. பழைய வண்டிகளின் போல்ட்கள் துருவேறி இறுகியிருக்கும். முதல்நாளே துருநீக்கி எண்ணெய் இட்டு ஊறவிடுதல் நலம். பலவந்தஞ் செய்தால் போல்ட் எஞ்சினின் தலைப்பகுதிக்குள் முறிந்து பெருஞ் செலவு வைக்கும். மனிபோல்டைக் கழற்றுமுன் அதனோடு இணைந்த உணரிகள், வளிபுகுத்தும் குழாய்கள், புகையை மீளச் சுற்றும் குழாய் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. அவை அனைத்தும் ஹெடரிலும் இருந்தவாறே இணைக்கப்படல் வேண்டும். ஒன்றை அடைத்துவிட்டு ‘வண்டி ஓடுகின்றது’ என மகிழ்தல், சட்டப்படி உறுப்பொன்றைச் செயலிழக்கச் செய்தலாகும்.

பழைய காஸ்கட்டை முற்றும் சுரண்டி நீக்கிப் புதியதை வைக்க. போல்ட்களை நடுவிலிருந்து இருபுறமுமாகப் படிப்படியாக இறுக்குக. முடிவில் உற்பத்தியாளர் விதித்த முறுக்களவிற்கு அளவுச் சாவியால் இறுக்குக. எஞ்சின் சில தடவை சூடேறி ஆறியபின், உற்பத்தியாளர் கூறியவாறு மறுபடியும் இறுக்கம் பார்க்க வேண்டும். மெல்லிய குழாயின் வெளிப்புறம் கடுஞ் சூடாகுமாதலின் மின்கம்பி, தடுப்புக் குழாய், எரிபொருட் குழாய் என்பன அதனைத் தீண்டாதவாறு விலக்கிக் கட்டுக.

இறுக்கத்தை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஒலி மட்டுமன்று. முன்னுணரிக்கு முன்னே மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பினும் கேடு விளையும். குழாயினுள் அமுக்கம் எப்பொழுதும் மிகுந்தே நிற்பதில்லை. இரு துடிப்புகளுக்கு இடையே அது வெளியமுக்கத்திலும் தாழும். அவ்வேளை வெடிப்பின் வழியே வெளிவளி உள்ளே புகும். உணரி அவ்வளியின் ஒட்சிசனைக் கண்டு ‘கலவையில் எரிபொருள் குறைவு’ என அறிவிக்கும். கணினி அதனை நம்பி எரிபொருளைக் கூட்டும். உண்மையிற் கலவை சரியாகவே இருந்தது. இப்பொழுது எரிபொருள் மிகுந்துவிட்டது. காபனோரொட்சைட்டு பெருகும், பெற்றோல் வீணாகும், ஊக்கிக் கலன் அளவிறந்து சூடேறும். பொய்ச் சான்றை நம்பிய நீதிபதி நல்லோனைத் தண்டித்தவாறு இது.

உணரியின் இடமும் முதன்மையானது. நான்கு உருளைகளின் வாயுவும் கலந்து வருமிடத்தில் இருந்த உணரியை ஒரே குழாயில் வைத்தால், ஓர் உருளையின் நிலையை நாலுருளையின் நிலையாக அது கூறும். ஆணை பெற்ற ஹெடரில் உணரிக்குரிய துளை உரிய இடத்தில் அமைந்திருக்கும். இடம்மாறித் துளைத்தல் ஆகாது. உணரியைக் கெடுக்காத வகைப் பசையையே மூட்டுகளில் இடுக. பின்னுணரியை நெட்டிணைப்பொன்றால் குழாய்க்கு வெளியே தள்ளி, கலனில்லாக் குறையைக் கணினிக்கு மறைக்கும் தந்திரத்தைச் சிலர் சொல்லிக்கொடுப்பர். அது பழுதுபார்த்தல் அன்று. காவலாளியின் கண்ணைக் கட்டுதல்.

சோதனைக் கூடத்தில்

கலிபோர்ணியாவில் ‘ஸ்மொக் செக்’ எனப்படும் புகைச் சோதனை 1984 ஆம் ஆண்டு தொடங்கிற்று. அச்சோதனைக்குட்பட்ட வண்டிகள் பெரும்பாலும் ஈராண்டிற்கொருமுறை அதற்குச் செல்லவேண்டும். 1975 ஆம் ஆண்டும் அதற்கு முந்தியதுமான பெற்றோல் வண்டிகளுக்கு அச்சோதனை இல்லை. 1976 முதல் 1999 வரையான மாதிரிகளின் குழாய் முனையில் வாயு அளக்கப்படுகின்றது. 2000 ஆம் ஆண்டும் அதற்குப் பிந்தியதுமான பெற்றோல் வண்டிகளில் கணினியின் நினைவே வினாவப்படுகின்றது. இருவகைக்கும் கண்ணாற் பார்க்கும் சோதனை உண்டு. சோதிப்பவர் எஞ்சின் அறையில் ஹெடரைக் கண்டால் ஆணை இலக்கத்தைத் தேடுவார். அது இல்லையாயின், குழாய் முனையில் வாயு தூயதாக இருந்தாலும் வண்டி தவறியதே.

‘தூய்மையாக இருக்கும் வண்டியைத் தவறிற்றென்பது முறையோ?’ என வாதிடுவார் உளர். அவர் வாதத்தில் ஒரு நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் சோதனைக்கூடம் சில நிமிட நேரத்து நிலையையே காணும். குளிர்ந்த காலை, மலையேற்றம், நெடுந்தூர ஓட்டம், ஐந்தாண்டு கழிந்த தேய்வு என்பவற்றைக் காணாது. சோதனையில் மட்டும் தூயதாக நின்று தெருவிலே மாசைக் கக்குமாறு மென்பொருள் எழுதப்பட்ட டீசல் கார்கள் உலகெங்கும் ஏறக்குறைய 110 இலட்சம் இருந்தமையை, 2015 ஆம் ஆண்டு வெளிப்பட்ட வொக்ஸ்வாகன் விவகாரம் காட்டிற்று. சோதனையில் தேறுதல் வேறு. தூயதாக இருத்தல் வேறு. பரீட்சையிற் தேறுதலுக்கும் கல்வியுடைமைக்கும் உள்ள வேற்றுமையை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து எல்லாக் கார்களிலும் ‘ஓ.பீ.டீ. 2’ எனும் தற்சோதனை முறை அமைந்துள்ளது. ஊக்கிக் கலனின் திறன் குறைந்தால் அது விளக்கேற்றி, ‘பி 0420’ போன்ற குறியீட்டைப் பதிவு செய்யும். மின்கலத்தைக் கழற்றினால் குறியீடு அழியும் என்பது உண்மை. ஆனால் தற்சோதனைகள் நிறைவேறிய பதிவும் உடன் அழிந்துவிடும். சோதனைக்கூடத்தில் ‘ஆயத்தமில்லை’ என வண்டி திருப்பி அனுப்பப்படும். எனவே ஹெடர் பூட்டியபின், குளிர்நிலையிற் தொடங்கி நகரத்தினுள்ளும் நெடுந்தெருவிலுமாகச் சில நாட்கள் வண்டியை இயல்பாக ஓட்டி, விளக்கு எரியாமையையும் தற்சோதனைகள் நிறைவுற்றமையையும் கண்ட பின்னரே சோதனைக்குச் செல்லுதல் முறை. கழற்றிய மனிபோல்டை எறிந்துவிடாது பேணிவைத்தலும் நல்லது. ஆணை பொருந்தாவிடின் அதனையே திரும்பப் பூட்ட நேரும்.

நம் நாட்டிற்கு இயைந்தவை

இலங்கையில் ஈயங் கலந்த பெற்றோல் 2002 ஆம் ஆண்டோடு ஒழிந்தது. 2008 ஆம் ஆண்டிலிருந்து வாகனப் புகைச் சோதனை நடைமுறைக்கு வந்து, ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுதற்கு அச்சோதனைப் பத்திரம் வேண்டப்படுகின்றது. பெற்றோல் வண்டிகளில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும், டீசல் வண்டிகளிற் புகையின் அடர்த்தியும் அளக்கப்படுகின்றன. வண்டியை நிறுத்திவைத்து அளக்கும் இத்தகைய சோதனை, சுமையோடு ஓடும்போது மிகும் நைதரசன் ஒட்சைட்டுகளைப் பற்றி அதிகம் கூறமாட்டாது. ஆகவே சட்டம் அளப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது.

நம் தெருக்களில் ஓடும் யப்பானியக் கார்கள் பெரும்பாலும் ஊக்கிக் கலனோடு வந்தவை. கலன் அடைபட்டதென்று கராஜிற் கூறினால், அதனை வெட்டி வெறுங்குழாயை ஒட்டுவித்தல் மலிவான வழியாகத் தோன்றும். அடைபட்டதற்குக் காரணம் என்ன என்று முதலில் வினவுக. எஞ்சின் எண்ணெயை எரிக்கின்றதோ, தீப்பொறிச் செருகி தவறி எரியாப் பெற்றோல் கலனிற் சென்று எரிகின்றதோ, உணரி முதுமையடைந்ததோ எனப் பார்ப்பிக்க. மூலநோய் இருக்கக் கலனை வெட்டுதல், காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியை உடைத்தலேயாகும். ஹெடர் விரும்பும் இளைஞரோ, கலனும் உணரியும் இருந்த இடத்திலேயே நிற்கும் ஹெடரையன்றிப் பிறிதொன்றை நாடாதிருக்க. நம் நாட்டிலே அதனைச் சோதித்து இலக்கமிடும் முறை கலிபோர்ணியாவைப் போன்று அமையாவிடினும், ஆங்கு ஆணை பெற்ற உறுப்புகளின் இலக்கணம் ஈங்கும் வழிகாட்டும்.

சுருங்கக் கூறின் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. ஊக்கிக் கலன் தன் இடத்திலே நிற்கின்றதா? உணரி உண்மை கூறும் நிலையில் இருக்கின்றதா? இம்மாற்றம் தீங்கற்றதென்று விற்பவனல்லாத ஒருவர் சான்று கூறியுள்ளாரா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்பது விடையாயின் தாராளமாகப் பூட்டுக. எஞ்சின் இனிது முழங்குக. ஒன்றிற்கேனும் விடை தயங்குமாயின் பொருளைக் கடையிலேயே விட்டு வருக. வண்டியின் பின்னே துவிச்சக்கர வண்டியில் வரும் பள்ளிப் பிள்ளைக்கு நம் எஞ்சினின் பரிவலு எத்தனை என்பது தெரியாது. நாம் விட்ட வளியையே அது மூச்சாக இழுக்கின்றது.